கச்சான் கோதில் தொடங்குங்கள்: பொறியியல் மாணவருக்குப் பொருள் உருவாக்கம் கற்பிக்கும் முறை

பொறியியல் பீடத்துக்கு வரும் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். உயர்தரத்தில் இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் வென்று வந்தவர்கள். ஆனால் அதுவரை அவர்கள் சந்தித்த ஒவ்வொரு வினாவையும் வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விடை காணத் தேவையான தரவும் அந்த வினாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. பொருள் உருவாக்கத்திலோ வினாவைத் தேடிப் பிடிப்பதே பாதி வேலை. கிளிநொச்சியில் இந்தப் பாடத்தைக் கற்பித்து வருகிறேன். வன்னியில் பல்கலைக்கழகத்திலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ இதை முதன்முறையாகப் பொறுப்பேற்கும் இளம் ஆசிரியர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். மாணவர் செய்த பொருள், அந்த மாணவர் இல்லாத முற்றத்தில், இன்னொருவர் கையில் வேலை செய்ய வேண்டும். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வாரத்தையும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள்.

போகத்தைப் பார்த்துச் சிக்கலைத் தெரியுங்கள்

செமஸ்டர் 15 வாரம். பயிருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. காலபோக நெல் அறுவடை மாசி, பங்குனியோடு முடிந்துவிடும். வைகாசியில் வகுப்பைத் தொடங்கிவிட்டு அறுவடை இயந்திரத்தைத் திருத்தப் போகிறோம் என்று மாணவர் சொன்னால், அவர்கள் பார்க்கப் போவது வெறும் வயலைத்தான். ஆகவே நான் முதலில் எடுத்து வைப்பது பயிர்க் காலண்டரை. எந்த மாதத்தில் எந்த வேலை நடக்கிறது, அதை யார் செய்கிறார்கள் என்று பலகையில் எழுதிய பிறகுதான் சிக்கலைப் பற்றிப் பேச்சு. சிறுபோகக் காலம் என்றால் இரணைமடுக் குளத்தின் கீழ் நீர்ப் பங்கீடு கண்ணுக்கு முன்னால் நடக்கும். மழைக்கு முந்திய ஆவணி, புரட்டாசி என்றால் கச்சான் விதை உடைக்கும் காலம். கச்சானைக் கோதோடு வைத்திருந்து, விதைப்பு நெருங்கும்போதுதான் உடைப்பார்கள். முன்கூட்டியே உடைத்தால் முளைதிறன் குறைந்துவிடும்.

மாணவர் கேட்கும் தலைப்புகளில் பாதியை மறுக்க வேண்டியிருக்கும். மண்ணின் ஈரத்தை அளந்து கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒவ்வோர் ஆண்டும் வரும். அதை வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. யார் காசு கொடுத்து வாங்குவார், அவருடைய ஊர் எது, பழுதானால் யாரிடம் கொண்டுபோவார் என்று மட்டும் கேட்பேன். பதில் இல்லாவிட்டால் தலைப்பும் இல்லை. நல்ல சிக்கல் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கும். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் மணலில் கச்சான் வறுத்து விற்பவர்களின் முகத்தில் அடிக்கும் புகையும் வெக்கையும் ஒரு சிக்கல். நாயாற்றில் கருவாடு காயும் நேரத்தில் வந்துவிடும் மழை இன்னொன்று. ஒரே வேலை திரும்பத் திரும்ப நடக்கும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். அங்கேதான் அளக்க முடியும்.

முதல் நாளில் ஆலோசனை சொல்லக் கூடாது

பாடத்தின் உயிர் இந்தக் கட்டத்தில் இருக்கிறது. இதைச் சுருக்கினால் மற்ற எல்லாம் வீண்.

மாணவரை இருவர் இருவராக அனுப்புங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் கையையும் காலையும் கவனிக்கட்டும். எங்கள் வகுப்பில் சிங்கள மாணவர் பலர் உண்டு. தமிழ் பேசும் ஒருவரோடு சேர்த்து அனுப்பினால், பேச்சு விளங்காத அந்த மாணவர் கையசைவைக் கூர்ந்து பார்க்கிறார். மொனராகலையில் இருந்து வந்த ஒருவர், தன் வீட்டிலும் கச்சான் இருக்கிறது என்று சொல்லி, யாரும் கேளாமலே பாயில் உட்கார்ந்து உடைக்கத் தொடங்கினார். அந்த வீட்டு அம்மா அதன்பின் அவரோடுதான் அதிகம் பேசினார்.

வினாக்கொத்தைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். வேலையைச் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு கிலோ கச்சானைக் கையால் உடைக்க வேண்டும் என்பது என் விதி. பெருவிரல் நோகும். அந்த நோவை அனுபவித்தவர் எழுதும் அறிக்கை வேறு மாதிரி இருக்கும். நேரத்தைக் குறிக்க வேண்டும். பிளந்த பருப்பு எத்தனை, தோல் உரிந்த பருப்பு எத்தனை என்று எண்ண வேண்டும். விசுவமடுப் பக்கம் ஒரு முற்றத்தில் மாணவர் அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மா உடைக்கப் போகும் கச்சானின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். கேட்காமல் விட்டிருந்தால் அவர் சொல்லியிருக்க மாட்டார்; அவருக்கு அது சொல்ல வேண்டிய செய்தியே இல்லை. கேட்டபோது, "கோது கொஞ்சம் பதமானால் பருப்பு உடையாது, தம்பி" என்றார். மாணவர் அதுவரை எத்தனை கிலோவை எவ்வளவு விரைவாக உடைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தொடர்ந்தார்: "வேகம் எனக்குப் பெரிதில்லை, பிள்ளை. பிளந்தது சட்டிக்குப் போகும். முழுசாக வந்தால்தான் விதை."

அந்தச் சொற்களை அவர் சொன்ன மொழியில், சொன்னபடியே கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். ஆங்கில அறிக்கை பிறகு வரட்டும். இன்னொன்று: நம் மாணவருக்காக ஒரு பெண் அரை நாள் வேலையை விட்டால் அந்த அரை நாள் கூலியைக் கொடுங்கள், உடைத்துப் பழகிய கச்சானுக்கும் விலை கொடுங்கள். செய்முறைச் செலவுப் பட்டியலில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்.

தேவையை அளவாக மாற்றுதல்

"மோட்டார் பூட்டிய இயந்திரம் வேண்டும்" என்பது தேவை இல்லை. அது ஒரு தீர்வு. "ஒருவர் தனியாக, மின்சாரம் இல்லாத தோட்டத்தில், அரை ஏக்கருக்கான விதையை ஒரு காலைப்பொழுதில் உடைக்க வேண்டும்" என்பது தேவை. மாணவர் எழுதும் ஒவ்வொரு வரியிலும் 'எப்படி' ஒளிந்திருந்தால் அடித்துவிட்டு 'என்ன' என்பதை எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண்ணும், அதை அளக்கும் வழியும் வேண்டும். பிளக்காத பருப்பு என்றால், 100 காயை உடைத்து எண்ணலாம். முளைக்கும் விதை என்றால், 100 பருப்பை ஈர மணலில் இட்டு முளைத்ததை எண்ணலாம். கையால் உடைத்த 100 பருப்பையும் பக்கத்தில் இட வேண்டும். அது இல்லாமல் எண்ணுக்குப் பொருளில்லை.

இந்த வாரத்தில் ஜெய்ப்பூர் செயற்கைக் காலைப் பற்றிக் கட்டாயம் பேசுவேன். 1968 இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியும் அதை உருவாக்கினார்கள். அதற்கு முன் கிடைத்த பாதம் சப்பாத்துப் போட்டு நடப்பவருக்காகச் செய்யப்பட்டது. குந்தியிருக்கவும் சப்பாணி கட்டி இருக்கவும் வெறுங்காலோடு சேற்றில் இறங்கவும் அது உதவவில்லை. சர்மா இரப்பரைக் கையில் எடுத்தார். டயர்க் கடையில் கண்ட இரப்பர் வேலையை அதற்குப் பயன்படுத்தினார். போரில் காலை இழந்த உறவினரோ அயலவரோ எங்கள் மாணவர் பலருக்கு உண்டு. பயனாளியின் வாழ்க்கையில் இருந்து தேவை பிறக்கிறது என்பதை இந்த மண்ணில் நீண்ட நேரம் விளக்க வேண்டியதில்லை. வகுப்பு தானாகவே அமைதியாகிவிடும்.

பல வழிகள், ஒரு தெரிவு

ஒவ்வொரு குழுவும் குறைந்தது ஐந்து வழிகளைக் கையால் வரைய வேண்டும். இந்தக் கட்டத்தில் கணினிக்கு இடமில்லை. திரையில் அழகாக வரைந்துவிட்ட ஒன்றைக் கைவிட மாணவருக்கு மனம் வராது. ஒப்பிட, பிரித்தானியப் பொறியியலாளர் ஸ்டூவர்ட் பியூ வகுத்த அட்டவணை போதும். ஒரு வழியை ஆதாரமாக வைத்து, மற்றவை ஒவ்வொரு தேவையிலும் அதைவிட மேலா, கீழா, சமமா என்று குறித்துக்கொண்டு போக வேண்டும். இங்கே ஆதாரமாக நான் வைப்பது வெறுங்கையை. கையைவிட மோசமாகப் பருப்பைப் பிளக்கும் இயந்திரம் எவ்வளவு விரைவாக இருந்தாலும் என்ன? மாணவர் கூட்டல், கழித்தல் குறிகளை எண்ணி வெற்றியாளரை அறிவிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். ஒரு வழியின் குறையை இன்னொன்றின் நிறையால் தீர்க்க முடியுமா என்று வாதாட வைப்பதற்கே அந்த அட்டவணை.

கண்டுபிடிப்பாளர் ஜொக் பிராண்டிஸ் மாலி நாட்டுக்காக உருவாக்கிய கச்சான் உடைக்கும் கருவியை இந்த வாரத்தில் காட்டுங்கள். கூம்பு ஒன்றுக்குள் இன்னொரு கூம்பு, இரண்டும் கொங்கிரீட். இடைவெளியைத் திருகாணியால் கூட்டலாம், குறைக்கலாம். கையால் சுழற்றியே மணிக்கு 50 கிலோவுக்கு மேல் உடைக்கலாம். இரும்பு மிகக் குறைவு. அச்சு இருந்தால் ஊரில் உள்ள மேசனே வார்த்துவிடுவார். நம் ஊரில் வெல்டிங் பட்டறைகளும் உண்டு, மேசன்மாரும் உண்டு. இரண்டில் எது மலிவு, எதைத் தூக்கி நகர்த்தலாம் என்ற விவாதத்துக்கு ஒரு முழு வகுப்பையும் விட்டுவிடுங்கள்.

மாதிரி செய்தல்

ஒரு மாதிரி ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். முதல் மாதிரிக்குப் பலகையும் சல்லடையும் போதும். கேள்வி இடைவெளியைப் பற்றியது. இடைவெளி குறைந்தால் பருப்பு பிளக்கும். கூடினால் சிறு காய் உடையாமல் விழும். காய்கள் ஒரே அளவில் இல்லாததால் எந்த இடைவெளியும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இரண்டு, மூன்று இடைவெளிகளில் உடைத்து எண்ணும் குழு, முதலில் காயைச் சலித்துத் தரம் பிரிக்க வேண்டும் என்பதைத் தானாகவே கண்டுகொள்கிறது. நாம் சொல்லிக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள். அடுத்த மாதிரியில், தட்டும் இரும்பின் மேல் பழைய டியூப் இரப்பரை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உறுப்புகளைக் குறைப்பதற்குப் பொறியியலாளர்கள் பூத்ராய்ட், டியூஹர்ஸ்ட் ஆகியோரின் மூன்று கேள்விகள் உண்டு. இந்த உறுப்பு பக்கத்து உறுப்புக்குச் சார்பாக அசைய வேண்டுமா? வேறு மூலப்பொருளில்தான் இருக்க வேண்டுமா? பூட்டவும் கழற்றவும் தனியாக இருந்தே ஆக வேண்டுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் பக்கத்து உறுப்போடு சேர்த்துவிடலாம். வன்னிக்காக நான் நாலாவது கேள்வி ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: இதைக் கழற்ற எத்தனை சாவி வேண்டும்? எல்லாப் போல்ட்டும் எம் 8 (8 மில்லிமீட்டர் விட்டம்) ஆக இருந்தால் 13 மில்லிமீட்டர் சாவி ஒன்றே போதும். பெயாரிங்கையும் அப்படியே தெரியுங்கள். தண்டு 20 மில்லிமீட்டர் என்றால் 6204 பொருந்தும். அந்த எண்ணைப் பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ உதிரிப்பாகக் கடையில் கேட்டு, அது தட்டில் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே வரைபடத்தில் போட வேண்டும்.

பிறகு வரைபடத்தோடு வெல்டிங் பட்டறைக்கு அனுப்புங்கள். மாணவர் வாய் திறக்கக் கூடாது. பட்டறைக்காரர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் வரைபடத்தில் உள்ள ஒரு குறை. எழுதிக்கொண்டு திரும்பி வர வேண்டும். கிரைண்டராலும் அளவு நாடாவாலும் வெட்டுபவரிடம் சட்டகத்துக்கு 0.1 மில்லிமீட்டர் துல்லியம் கேட்பது அநியாயம். கோண இரும்பு 6 மீட்டர் நீளத்தில் வருகிறது. வெட்டும் பட்டியலை அதற்கேற்ப எழுதாவிட்டால் மிஞ்சிய துண்டுக்கும் வாங்குபவர்தான் காசு கொடுப்பார். விலை கணக்கிடும்போது மாணவர் இரும்பின் விலையோடு நிறுத்திவிடுவார்கள். கூலி, பெயின்ட், ஏற்றிப் போகும் செலவு, பட்டறைக்காரரின் இலாபம் எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

பாதுகாப்பைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்காதீர்கள். முற்றத்தில் சேலைத் தலைப்பு இருக்கும், அவிழ்ந்த கூந்தல் இருக்கும், எதையும் தொட்டுப் பார்க்கும் சின்னப் பிள்ளை இருக்கும். எது பிழையாகப் போகலாம், போனால் யாருக்கு என்ன ஆகும், எப்படித் தடுப்பது என்ற பட்டியலை மாதிரி செய்யும் கட்டத்திலேயே தொடங்க வேண்டும். சுழலும் பாகத்துக்கு மூடி இல்லாத எந்த இயந்திரத்தையும் எங்கள் பட்டறையை விட்டு வெளியே போக நான் அனுமதிப்பதில்லை. இதில் எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை.

விட்டுவிட்டு வருதல்

முடிந்த இயந்திரத்தை அந்த முற்றத்தில் வைத்து, ஒரு முறை இயக்கிக் காட்டிவிட்டு, இரண்டு வாரம் விலகி இருங்கள். மாணவரைப் போக விடாதீர்கள். பிறகு போகும்போது "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பதில் பயனில்லை; நம் மக்கள் விருந்தினரின் மனதை நோகடிக்க மாட்டார்கள். இயந்திரத்தைப் பாருங்கள். கைப்பிடி தேய்ந்து மினுங்குகிறதா, தூசி படிந்திருக்கிறதா? அடியில் கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்களா? ஒரு குழுவின் இயந்திரத்தில் கோதும் பருப்பும் விழும் வாயில் உரப்பை ஒன்று கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் சுளகு இருந்தது. புடைப்பது அந்த அம்மாவுக்குச் சிரமமாகவே இல்லை, சிதறியதைப் பொறுக்குவதுதான் சிரமம் என்பது அப்போது தெரிந்தது. கோதைப் பிரிக்கக் காற்றாடி பூட்ட வைத்திருந்த பணத்தில் மாணவர் அகலமான வாயும் கொளுக்கியும் செய்து கொடுத்தார்கள். விலையும் குறைந்தது.

புள்ளியையும் இதற்கேற்பப் பிரியுங்கள். முடிந்த இயந்திரத்துக்குக் கால் பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். களக் கொப்பிக்கும் சோதனைத் தரவுக்கும் பாதி. மிச்சம், இரண்டு வாரத்துக்குப் பின் செய்த திருத்தத்துக்கு. இப்படிப் பிரித்தால் வெளியே செய்வித்து வாங்கி வந்த பளபளப்பான இயந்திரம் நல்ல புள்ளி பெறாது.

வரைபடம், வெட்டும் பட்டியல், உதிரிப்பாக எண்கள் ஆகியவற்றின் ஒரு பிரதி பட்டறைக்காரரிடமும் இன்னொன்று பீடத்திலும் இருக்கட்டும். அடுத்த அணி வரும் முதல் வாரத்தில் பழைய இயந்திரம் ஒன்றை மேசையில் வைத்து, 13 மில்லிமீட்டர் சாவியையும் முந்திய அணியின் களக் கொப்பியையும் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள்.