கருத்துப்போன குப்பி: கடலடி வண்டலில் கார்பன்-13 அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேபிள் மாறுவதும் கையுறை மறப்பதும் இரண்டாவது கோரிலேயே (குழாய் இறக்கி எடுக்கும் வண்டல் தூண்) திருந்திவிடும். திருந்தாதவை கீழே. கார்பன்-13 என்பது சாதாரணக் கார்பன்-12ஐவிடக் கனமான கார்பன்; அதன் பங்கு கூடினால் மாதிரி ‘கனத்தது’, குறைந்தால் ‘லேசானது’. உதாரணத்துக்கு, ஓரிகன் கரைக்கு அப்பால் சுமார் 780 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஹைட்ரேட் ரிட்ஜ் வண்டலையே எடுத்துக்கொள்வோம்.

மீத்தேனைக் கடைசியில் எடுப்பது

அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஏறக்குறைய 78 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, கப்பல் தளத்தில் லிட்டருக்கு 1–2 மில்லிமோலுக்கு மேல் தங்காது. நுனி வெட்டிய சிரிஞ்சால் 3 மி.லி. சேறு எடுத்து, 5 மி.லி. 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள 20 மி.லி. குப்பியில் தள்ளுங்கள். உடனே மூடிக் குலுக்குங்கள்.

அதே குப்பியில் கார்பன் டை ஆக்சைடும் அளப்பது

கூடாது. காரம் அதை விழுங்கியிருக்கும்.

சல்பைடு நீரில் மெர்க்குரிக் குளோரைடு

நுண்ணுயிரைக் கொல்ல இந்தப் பாதரச உப்பை விடுவது கடல்நீருக்கான செய்முறை; அதை வண்டல் துகள்களுக்கிடையே உள்ள நீருக்கு அப்படியே தூக்கிவரும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. எத்தனை நல்ல கோர்கள் இதில் வீணாகின்றன!

2 மி.லி. நீரில் 10 மைக்ரோலிட்டர் தெவிட்டிய கரைசல் விட்டால், பாதரசம் லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிமோல். கடல்நீருக்கு அது தாராளம். ஹைட்ரேட் ரிட்ஜிலோ சல்பைடு 10 மில்லிமோலைத் தாண்டும். சொட்டு விழுந்ததும் கருமை புகைபோல இறங்கி அடியில் படிகிறதே, அது பாதரச சல்பைடு. நுண்ணுயிரைக் கொல்லப் பாதரசம் மிச்சமில்லை. அந்த வினையில் அமிலமும் பிறக்கிறது. பைகார்பனேட்டில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. மூடிக்கடியில் குமிழி இருந்தால் வாயு அதில் ஏறிவிடும். 20 டிகிரியில் அது பைகார்பனேட்டைவிட ஏறத்தாழ 8.5 பெர்மில் (ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகு) லேசானது. எஞ்சிய நீர் கனத்துப்போகும். அந்த எண்ணை எந்தத் திருத்தமும் மீட்காது.

ரைசான் (வண்டலில் செருகி நீரை உறிஞ்சும் நுண்துளைக் குழாய்) வழியே வடியுங்கள், சுமார் 0.15 மைக்ரான் துளை பெரும்பாலான செல்களைத் தடுத்துவிடும். முதலில் வரும் அரை மி.லி.யைக் கொட்டிவிடுங்கள். ஹீலியம் நிரப்பி, 100 மைக்ரோலிட்டர் பாஸ்பாரிக் அமிலம் இட்டு மூடிய குப்பிக்குள் ஊசியால் செலுத்துங்கள். மேலடுக்கு நீர் 1 மி.லி. வேண்டும், கரைந்த கனிமக் கார்பன் 20 மில்லிமோல் உள்ள ஆழத்தில் 0.1–0.2 மி.லி. போதும். சிரிஞ்சில் குமிழி கண்டால் அந்த மாதிரி வேண்டாம்.

மைனஸ் 35 என்றால் பாதி மீத்தேன் என்பது

இந்த எண்கள் டெல்டா மதிப்புகள்: ஒரு தரத்தோடு ஒப்பிட்டால் கார்பன்-13 எத்தனை பெர்மில் கூட, குறைவு என்பது. கரைந்த கனிமக் கார்பன் மைனஸ் 35, மீத்தேன் மைனஸ் 70 என்பதாலேயே இப்படி வகுத்துவிட முடியாது. கரிமப்பொருள் சிதைந்து வரும் மைனஸ் 20 பக்கத்துக் கார்பனும் அதில் கலந்திருக்கிறது. மீத்தேன் உருவாகும் அடியடுக்கிலிருந்து கனத்த கார்பன் வேறு மேலேறுகிறது. கரைந்த கனிமக் கார்பனின் செறிவையும் டெல்டா மதிப்பையும் பெருக்கி, செறிவுக்கு எதிராக வரையுங்கள்; கோட்டின் சரிவுதான் புதிதாகச் சேர்ந்த கார்பனின் டெல்டா மதிப்பு. புள்ளிகள் ஒரே கோட்டில் நின்றால் மட்டும் சரிவை நம்பலாம். கோடு வளைந்தால், அடியிலிருந்து ஏறுவதைத் தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.