சர்ச்சில் சொன்னா அது அப்படியே வரலாறா? போர்த் தலைவர்களோட நினைவுக் குறிப்பு படிக்கும்போது பண்ற தப்புகள்

சர்ச்சிலோட இரண்டாம் உலகப் போர் புக்ஸ் மொத்தம் 6 வால்யூம், முதல் வால்யூம் 1948ல வந்துச்சு. அதைப் படிச்சிட்டு "பக்கத்துக்குப் பக்கம் டாக்குமெண்ட் போட்டிருக்காரு, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்"னு கேக்குறவங்க நிறைய. பெரிய தப்பே அதுதான். அதுல இருக்கிற குறிப்பும் தந்தியும் பெரும்பாலும் அவர் அனுப்பினது, தளபதிகளும் அமைச்சர்களும் என்ன பதில் எழுதினாங்கன்னு பல இடத்துல இருக்காது, ஒருத்தர் போன் பேசுறதை பக்கத்துல நின்னு கேக்குற கதைதான். மறுபக்கம் வேணும்னா அப்போ பிரிட்டிஷ் ராணுவத் தலைமைத் தளபதியா இருந்த ஆலன்புரூக்கோட டைரியையும் சேர்த்துப் படிங்க, ஆனா அதுவும் வேலை முடிஞ்சு எரிச்சல்ல எழுதினது, கொஞ்சம் கழிச்சுதான் எடுத்துக்கணும்.

அடுத்தது, எந்த வருஷம் எழுதினதுன்னு பாக்காம படிக்கிறது. 1941 மார்ச் கடைசியில ஜெர்மன் டாங்கிப் படைகளை ருமேனியாலருந்து ரஷ்யாப் பக்கம் இருக்கிற போலந்துக்கு அனுப்ப உத்தரவு போகுது, யூகோஸ்லாவியாவோட தலைநகர் பெல்கிரேடுல ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததும் அது ரத்தாகுது, இதை வச்சே ஹிட்லர் ரஷ்யா மேல பாயப் போறார்னு தனக்குப் பளிச்சுனு புரிஞ்சுதுன்னு எழுதுறார். யார் சொன்னதுன்னா, நம்பகமான ஒரு வட்டாரமாம்! உண்மையில அது ஜெர்மன் படைகளோட எனிக்மா மெஷின் சங்கேதத்தை பிரிட்டன் உடைச்சு எடுத்த தகவல். அந்த ரகசியம் 1974லதான் பகிரங்கமாச்சு, அதுவரைக்கும் அவர் வாயத் திறக்க முடியாது, அதனால வாசிக்கிறவங்களுக்கு எல்லாமே தலைவரோட ஞானதிருஷ்டி மாதிரி தெரிஞ்சுது.

சொல்லாம விட்டதைக் கவனிக்காததும் தப்புதான். 1943 வங்காளப் பஞ்சத்துல லட்சக்கணக்குல செத்தாங்க, ஆனா இவ்வளவு பெரிய புத்தகத்தோட முக்கியக் கதையில அதுக்கு இடமே இல்லைன்னு சொல்லலாம்.

இதையெல்லாம் கேட்டுட்டு "அப்போ எல்லாம் புருடா, உதவியாளர்கள் எழுதிக் கொடுத்தது"ன்னு தூக்கிப் போடுறாங்களே, அது இன்னொரு பக்கத்துத் தப்பு. டீக்கின், பவுனால் மாதிரி ஆளுங்க டிராஃப்ட் போட்டுக் கொடுத்தது நிஜம்தான், ஆனா எதை வைக்கணும் எதை வெட்டணும்னு முடிவு பண்ணது அவர்தான். கடைசி வால்யூம் 1953ல வரும்போது அவர் மறுபடியும் பிரதமர், போர்ல நேச நாட்டுப் படைகளோட தலைமைத் தளபதியா இருந்த ஐசனோவர் அமெரிக்க அதிபர், அதனால ஐசனோவரைப் பத்தின விமர்சனத்தையெல்லாம் சர்ச்சில் மழுப்பிட்டார். 1945ல என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்க அந்தப் பக்கங்கள் அரைகுறைதான், 1953ல சர்ச்சிலுக்கு அமெரிக்கா எவ்வளவு தேவைப்பட்டுச்சுன்னு காட்ட அதை விட நல்ல சாட்சி கிடைக்கிறது கஷ்டம்.