கோப்பிக்குப் புள்ளி போடுகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

குடிக்கும் கோப்பியை ஒரு கொப்பியில் குறித்துப் புள்ளி போட்டு வருவது நல்ல பழக்கம். எந்தத் தூள் நமக்குச் சரிவரும், போன மாதம் அருமையாக வாய்த்த கோப்பியை மறுபடி எப்படிப் போடுவது என்பதெல்லாம் அதைப் புரட்டினால் தெரிந்துவிடும். ஆனால் பலர் சில கிழமைகளிலேயே விட்டுவிடுகிறார்கள். எழுதியது ஒன்றுக்கும் உதவாமல் போவதுதான் காரணம்.

வெறும் '10க்கு 7' என்று எழுதி வைத்தால் பிறகு என்ன விளங்கும்? தூள் எத்தனை கரண்டி, தண்ணீர் எவ்வளவு, சீனியா பனங்கட்டியா என்பதும் வேண்டும். 'மல்லி தூக்கல், கடைசியில் கசப்பு' என்று ஒரு வரி புள்ளியைவிடப் பெறுமதியானது. நம் வீடுகளில் கொட்டையோடு மல்லி, வேர்க்கொம்பு, மிளகு எல்லாம் சேர்த்து வறுத்து அரைப்பதால், ஒவ்வொரு தடவையும் கலவை கொஞ்சம் மாறும். கலவையின் அளவையும் வறுத்த திகதியையும் போத்தலில் ஒட்டிவிடுங்கள். கோப்பி சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 150 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 8 கிராம் அளவில் தூள் போடுவார்கள். அது தனிக் கோப்பித் தூளுக்கான கணக்கு. மல்லி கலந்த தூளில் அதே 8 கிராம் போட்டால் கோப்பி குறைவாகத்தான் இருக்கும்.

வன்னியில் தண்ணீரை எழுதாமல் விடுவதுதான் பெரிய பிழை என்பேன். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்து, சுரண்டினால் செதில் செதிலாக உதிர்கிறதா? அது கடினத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் இருக்கும் காரத்தன்மை கோப்பியின் மெல்லிய புளிப்பை அடக்கிவிடும். நல்ல கொட்டைகூடச் சப்பென்று இருக்கும். அதே தூளை வடிகட்டிய குடிநீரில் போட்டுப் பாருங்கள், வேறு கோப்பி மாதிரி இருக்கும். வவுனியாவில் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் போட்டதையும் கிளிநொச்சியில் போத்தல் தண்ணீரில் போட்டதையும் ஒப்பிட்டுத் தூளைக் குறை சொல்வது நியாயமில்லை. மாரியில் நிறைந்த கிணறு கோடையில் வற்றும்போது அதன் தண்ணீரும் மாறும். எந்தத் தண்ணீர் என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

அப்புறம், சுடச்சுட ஒரு மிடறு குடித்ததும் புள்ளி போடாதீர்கள். நாக்குச் சுடும்போது சுவை சரியாகப் பிடிபடாது. கொஞ்சம் ஆறியதும், முதல் வாயைச் சீனி போடாமல் குடித்துப் பாருங்கள். தூளையும் அளவையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சரியாக வராத கோப்பியையும் கட்டாயம் எழுதுங்கள்.

குடித்த நேரத்தையும் யாரும் எழுதுவதில்லை. உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே பொதுவாக 5 மணித்தியாலம் அளவில் எடுக்கும். பின்னேரம் 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் நிற்கும். நித்திரை வராத இரவுகளையும் அதே பக்கத்தில் குறித்து வந்தால், உங்களுக்கு எத்தனை மணிக்குப் பிறகு கோப்பி ஒத்துவராது என்பது பிடிபடும்.