பட்ஜெட் கோடு: மதிப்பெண் நழுவும் இடங்கள்

கையிலுள்ள பணம் முழுவதையும் செலவழித்தால் இரண்டு பொருள்களை எந்தெந்த அளவுகளில் வாங்கலாம் என்று காட்டுவது பட்ஜெட் கோடு (சில பாடநூல்களில் விலைக்கோடு). நுண்ணியல் பொருளியலில் இது எளிதான படம்தான். இரண்டு புள்ளி, ஒரு ஸ்கேல், வேலை முடிந்தது. ஆனால் விலையோ வருமானமோ மாறும்போது கோட்டை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று கேட்டால், பலருக்கு அங்கேதான் தடுமாற்றம்.

ஒரு மாணவரிடம் மாதக் கைச்செலவுக்கு 1,200 ரூபாய் இருக்கிறது. சினிமா டிக்கெட் 120 ரூபாய், பரோட்டா 20 ரூபாய். டிக்கெட்டைக் கிடை அச்சிலும் பரோட்டாவைச் செங்குத்து அச்சிலும் வைப்போம். பணம் முழுவதும் டிக்கெட்டுக்கே போனால் 10, பரோட்டாவுக்கே போனால் 60. இந்த இரு முனைகளையும் இணைத்தால் கோடு தயார்.

அதிகம் பேர் தவறுவது சாய்வில். 120-ஐ 20-ஆல் வகுப்பதா, 20-ஐ 120-ஆல் வகுப்பதா? கிடை அச்சுப் பொருளின் விலைதான் மேலே வரும், சாய்வு −6. செங்குத்து அச்சைப் பார்த்தவுடன் அதன் விலையை மேலே எழுதத் தோன்றும், அங்கேதான் தலைகீழாகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட அலகைச் சொல்லிப் பார்ப்பது நல்லது: ஒரு டிக்கெட் கூடுதலாக வேண்டுமென்றால் 6 பரோட்டாவை விடவேண்டும். 1/6 பரோட்டா என்று விடை வந்தால் தவறு உடனே கண்ணில் படும். இந்த 6 பரோட்டாதான் ஒரு டிக்கெட்டின் வாய்ப்புச் செலவு.

அடுத்தது, எல்லா மாற்றத்துக்கும் கோட்டை அப்படியே தள்ளிவிடுவது. கைச்செலவு 1,800 ஆனால் முனைகள் 15, 90. சாய்வு மாறாது, கோடு இணையாக வெளியே போகும். டிக்கெட் மட்டும் 150 ஆனால் பரோட்டா முனை 60-லேயே நிற்கும், டிக்கெட் முனை 10-லிருந்து 8-க்கு வரும், சாய்வு −7.5. அதாவது கோடு சுழல்கிறது. பரோட்டா விலையே மாறாதபோது அந்த முனையை அசைப்பதற்குக் காரணமே இல்லை. இரு விலைகளும் வருமானமும் ஒரே மடங்கு கூடினால் கோடு இம்மியும் நகராது. தேர்வில் இதைக் கேட்பதே ஏமாற்றத்தான்.

கோட்டுக்கு உள்ளே இருக்கும் புள்ளிகளை ‘வாங்க முடியாதவை’ என்று எழுதுவதும் உண்டு. 3 டிக்கெட்டும் 20 பரோட்டாவும் 760 ரூபாய்தான். தாராளமாக வாங்கலாம், பணம் மிஞ்சும். அதேபோல, மாணவருக்குச் சினிமா பிடிக்காமல் போனால் கோடு மாறாது. ரசனையைக் காட்டுவது சமநோக்கு வளைகோட்டின் (ஒரே அளவு திருப்தி தரும் சேர்க்கைகளை இணைக்கும் கோட்டின்) வேலை.

கடைசித் தவறு, கோடு எப்போதும் நேராகவே இருக்கும் என்று நினைப்பது. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணமே இதற்கு நல்ல மறுப்பு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம் (பிறகு விகிதங்கள் மாறின). கிடை அச்சில் இரண்டு மாத யூனிட். செங்குத்து அச்சில் மற்ற செலவுகளுக்கு மிஞ்சும் பணம். முதல் 100 யூனிட் இலவசம், ஆகவே அதுவரை கோடு படுத்தே கிடக்கும். பிறகு 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஒவ்வொரு படியிலும் கோடு மடங்கி, இன்னும் செங்குத்தாகும். 500 யூனிட்டுக்குப் பில் 1,725 ரூபாய்.

501-வது யூனிட்டில் மடங்குவதில்லை, கோடே அறுந்து கீழே விழுகிறது. 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் 4.50 விகிதத்துக்கு ஏறிவிடும். அதில் 225 ரூபாய், 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். ஒரே யூனிட்டில் பில் 1,958. இதை நேர்கோடாக வரைந்து, சமநோக்கு வளைகோடு தொடும் புள்ளிதான் சிறந்த தேர்வு என்று அதையே தேடினால் விடை தவறிப்போகலாம். ஒவ்வொரு துண்டிலும் கிடைக்கும் சிறந்த புள்ளியையும் 100, 200, 400, 500 ஆகிய முனைகளையும் தனித்தனியாக ஒப்பிட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். 500-ஐ ஒட்டிப் பயன்படுத்தும் வீட்டுக்குப் பெரும்பாலும் 500-லேயே நிறுத்துவதுதான் லாபம்; அங்கே பட்ஜெட் கோட்டின் சாய்வும் வளைகோட்டின் சாய்வும் சமமாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை.