ஆன்லைனில் மளிகை ஆர்டர் போட்டதும் கார்டில் பணம் முடங்கினால்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரிட்டனுக்கு வந்த முதல் சில வாரங்களில் கையிருப்பு எண்ணி வைத்த பணமாகத்தான் இருக்கும். வாடகை, டெபாசிட், பஸ் செலவு எல்லாம் போக மிஞ்சியதில் அரிசி பருப்பு வாங்க வேண்டும். அந்த நேரத்தில் சூப்பர்மார்க்கெட் ஆப்பில் 60 பவுண்டுக்கு ஆர்டர் போடுகிறீர்கள். ஆர்டர் ஏற்கப்படவில்லை என்று திரையில் வருகிறது. வங்கி ஆப்பைத் திறந்தால் 60 பவுண்டு குறைந்திருக்கிறது. பொருளும் இல்லை, பணமும் இல்லை. புதிதாக வந்தவர்கள் பலர் பதறிப்போய் அழைப்பது இதற்காகத்தான். பணம் தொலைந்துவிடவில்லை, முதலில் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் வங்கி அதை விடுவிக்கும்வரை நீங்கள் அதைச் செலவழிக்க முடியாது. மாதக் கடைசியில் அந்த 60 பவுண்டு பெரிய தொகை.

கடையில் கார்டைத் தட்டி வாங்கும்போது பில் தொகை அங்கேயே முடிவாகிவிடுகிறது. ஆன்லைன் மளிகையில் அப்படி இல்லை. ஆர்டர் போடும்போது கடை உங்கள் வங்கியிடம், இந்தக் கணக்கில் இவ்வளவு இருக்கிறதா, இருந்தால் எங்களுக்காக ஒதுக்கி வையுங்கள் என்று கேட்கிறது. வங்கி ஒதுக்கி வைக்கிறது. ஆப்பில் பெண்டிங் என்று வருவது இதுதான். இப்படி ஒதுக்கி வைப்பதை ஹோல்டு என்பார்கள். அப்போது பணம் கடைக்குப் போயிருக்காது. மீனையும் கோழியையும் எடை போட்டு, தீர்ந்துபோன பொருளை நீக்கி, சிலவற்றுக்கு மாற்றுப் பொருள் வைத்து மூட்டை கட்டிய பிறகுதான் உண்மையான பில் தெரியும். அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுவிக்க வேண்டும்.

இதில் கடைக்குக் கடை வழக்கம் மாறும். சில கடைகள் ஆர்டர் போட்டவுடனே முழுத் தொகையையும் ஹோல்டு செய்யும். சில கடைகள் அப்போது கார்டு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, டெலிவரிக்கு முந்தைய இரவோ அன்று காலையோ தொகையைக் கேட்கும். திங்கள்கிழமை ஆர்டர் போட்டபோது கணக்கில் பணம் இருந்தது, சனிக்கிழமை காலை இல்லை என்றால் இரண்டாவது வகைக் கடையில் ஆர்டர் அப்படியே ரத்தாகலாம். நீங்கள் வாங்கும் கடை எந்த வகை என்று அவர்களுடைய உதவிப் பக்கத்தில் பணம் செலுத்துவது பற்றிய பகுதியில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டரைத் திருத்துவதிலும் கவனம் வேண்டும். இரவு ஞாபகம் வந்து தயிர் சேர்ப்போம், காலையில் வெங்காயத்தைக் கூட்டுவோம். சில கடைகளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிய தொகைக்கு மறுபடி ஹோல்டு விழும். பழையது உடனே நீங்காது. 45, 48, 52 என்று மூன்று பெண்டிங் ஒரே நேரத்தில் நிற்கும். கடைசியில் ஒன்றுதான் எடுக்கப்படும். ஆனால் அதுவரை மூன்றுமே உங்கள் கணக்கை அழுத்தும். கையில் பணம் குறைவாக இருக்கும் மாதத்தில் பட்டியலைத் தாளில் எழுதி முடித்துவிட்டு ஒரே தடவையில் ஆர்டர் போடுவதே என் ஆலோசனை.

முகவரியில் வரும் வினை

புதிதாக வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம் வருவதற்கு முக்கியமான காரணம் முகவரி. கணக்குத் திறக்கும்போது லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருக்கும் மாமா வீட்டு முகவரியைக் கொடுத்திருப்பீர்கள். அப்புறம் வேறு ஊரில் அறை எடுத்துப் போய்விடுவீர்கள். ஆர்டர் போடும்போது டெலிவரி முகவரி, பில்லிங் முகவரி இரண்டிலும் புது வீட்டைப் போடுவீர்கள். இங்கே கார்டுக்கு முகவரிச் சரிபார்ப்பு உண்டு. நீங்கள் கொடுக்கும் வீட்டு எண்ணையும் போஸ்ட்கோடில் உள்ள எண்களையும் வங்கியில் பதிவான முகவரியோடு ஒப்பிடுவார்கள்.

வங்கி, பணம் இருக்கிறது, ஒதுக்கிவிட்டேன் என்று சொல்லும். அதே பதிலில் முகவரி பொருந்தவில்லை என்றும் சொல்லும். அதைப் பார்த்துக் கடையின் கணினி ஆர்டரைத் தள்ளிவிடும். உங்கள் திரையில் பணம் செலுத்த முடியவில்லை என்று மட்டும் வரும், காரணம் வராது. நீங்கள் இன்னொரு முறை அழுத்துவீர்கள், இன்னொரு ஹோல்டு. மறுபடி அழுத்தினால் மூன்றாவது. 60 பவுண்டு மளிகைக்கு 180 பவுண்டு முடங்கிவிடும், வீட்டில் அரிசி வந்திருக்காது.

அதனால் ஒரு முறை தோற்றால் மறுபடி அழுத்தாதீர்கள். வங்கி ஆப்பைத் திறந்து பெண்டிங் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் கார்டில் பணம் இல்லாத பிரச்சினை இல்லை, வேறு ஏதோ பொருந்தவில்லை. வங்கியில் எந்த முகவரி பதிவாகியிருக்கிறதோ அதையே பில்லிங் முகவரியாகக் கொடுங்கள். டெலிவரி முகவரி வேறாக இருப்பதில் தவறில்லை. வீடு மாறினால் முதலில் வங்கியில் மாற்றிவிட்டு அப்புறம் கடைக் கணக்கில் மாற்றுங்கள்.

ஊர்க் கார்டை வைத்துச் சமாளிப்பவர்கள்

இங்கே கணக்குத் திறக்கும்வரை இந்திய, இலங்கைக் கார்டை நம்பியிருப்பவர்கள் உண்டு. இந்தியக் கார்டுகளில் 2020 முதல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி வெளிநாட்டு ஆன்லைன் பயன்பாட்டை வாடிக்கையாளரே இயக்கிவிட வேண்டும். கிளம்பும் முன் ஆப்பில் அதைச் செய்துவிடுங்கள், வரம்பையும் பாருங்கள். பிரிட்டனில் ஆன்லைன் கார்டு வாங்கலுக்குக் கூடுதல் அடையாளச் சரிபார்ப்பு 2022 மார்ச்சிலிருந்து கட்டாயமாக நடைமுறையில் இருக்கிறது. ஆகவே ஓடிபி உங்கள் ஊர் எண்ணுக்குப் போகலாம். அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து ரோமிங்கில் வைத்திருக்க வேண்டும், அல்லது வங்கி ஆப் மூலம் ஒப்புதல் கொடுக்கும் வழியை முன்பே ஏற்படுத்தியிருக்க வேண்டும். ஹோல்டு விழுந்த நாளின் மாற்று விகிதமும் பணம் எடுத்த நாளின் விகிதமும் வேறாக இருக்கும் என்பதால் ரூபாய்க் கணக்கு முன்னே பின்னே வரலாம். ஊர் வங்கியில் ஹோல்டை நீக்கச் சொல்லிப் பேசுவது நேர வித்தியாசத்தோடு பெரும் பாடு. அதனால் ஊர்க் கார்டில் பெரிய ஆர்டர் போடாதீர்கள்.

அந்த நாட்களுக்கு நம் தமிழ்க் கடைகளே நல்ல துணை. டூட்டிங், ஈஸ்ட் ஹாம், ஹாரோ, வெம்பிளி பக்கம் நேரில் போய்த் தேவையானதை வாங்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் பட்டியல் வாங்கி வீட்டில் கொண்டுவந்து தருபவர்களிடம் பொருள் வந்தபின் பணம் கொடுங்கள். முன்கூட்டி வங்கிப் பரிமாற்றம் செய்தால் கார்டுக்கு உள்ள பாதுகாப்பு அதற்குக் கிடையாது. தெரியாத கடைக்கு அப்படி அனுப்பவே வேண்டாம்.

வாடகைப் பணத்தைத் தனியே வையுங்கள்

வங்கி ஆப்பில் இரண்டு தொகைகள் தெரியலாம். ஒன்று கணக்கில் இருக்கும் மொத்தம், இன்னொன்று செலவழிக்கக்கூடியது. ஹோல்டு இரண்டாவதைக் குறைக்கும். மாத முதல் தேதி வாடகை ஸ்டாண்டிங் ஆர்டர் (நீங்கள் சொல்லி வைத்தபடி வங்கி தானே அனுப்புவது), மின்கட்டண டைரக்ட் டெபிட் (நிறுவனமே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வது) எல்லாம் அந்த இரண்டாவதை வைத்துத்தான் போகும், அல்லது திரும்பும். மளிகைக்கு முடங்கிய பணத்தால் வாடகை திரும்பிப் போவதுதான் இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் பெரிய கவலை. புதிதாக வந்தவருக்கு வீட்டு உரிமையாளரிடம் நல்ல பெயர் அவ்வளவு முக்கியம். மொன்ஸோ, ஸ்டார்லிங் போன்ற ஆப் வங்கிகளில் மாதக் கட்டணம் இல்லாத இன்னொரு கணக்கைத் திறந்து, மளிகைக்கு உரியதை மட்டும் அதில் போட்டு, அந்தக் கார்டை மட்டும் கடைகளில் பதிவு செய்யுங்கள். வாடகைக் கணக்கின் கார்டு எந்த ஷாப்பிங் ஆப்பிலும் இருக்கக் கூடாது.

அப்படியும் ஸ்டாண்டிங் ஆர்டர் திரும்பிவிட்டால், மதியத்துக்குள் பணம் போட்டால் அன்றே மறுபடி முயலும் வசதி பல வங்கிகளில் உண்டு. வீட்டு உரிமையாளருக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் வாடகைதாரர் கட்டணச் சட்டம் 2019-இன்படி பாக்கி 14 நாள் நின்ற பிறகுதான் தாமதத்துக்காக வட்டி கேட்க முடியும்.

பணத்தை மீட்பது

ஹோல்டு நீங்கினால் பெண்டிங் வரி மறைந்துவிடும், அவ்வளவுதான். கணக்கில் வரவு என்று தனி வரி எதுவும் வராது. ரீஃபண்ட் வேறு விஷயம். முன்பு பணம் உண்மையாகவே எடுக்கப்பட்டிருந்தால் மட்டும் அது வரவாக வந்து சேரும், சில வேலை நாட்கள் ஆகும். எது என்று தெரிந்துகொள்ளாமல் வராத ரீஃபண்டுக்காகக் காத்திருக்காதீர்கள்.

முதலில் கடையின் வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள். ரத்தான ஆர்டரின் ஹோல்டை விடுவிக்கும்படி வங்கிக்குச் செய்தி அனுப்பக் கடையால் முடியும். சில கடைகள் தாமாகவே அனுப்பிவிடும், சில அனுப்பாது. ஆர்டர் ரத்தானதற்கான மின்னஞ்சலையும், கிடைத்தால் அந்த ஹோல்டுக்கு வங்கி கொடுத்த ஒப்புதல் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பிறகு தேதி, தொகை, அந்த எண் மூன்றையும் வைத்து வங்கியிடம் பேசுங்கள். கடை எழுத்தில் உறுதி செய்தால் சில வங்கிகள் அப்போதே நீக்கும். யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் டெபிட் கார்டு ஹோல்டு பொதுவாக ஒரு வாரத்துக்குள் தானே நீங்கிவிடும், சில வங்கிகளில் இன்னும் சில நாள் ஆகலாம். பெண்டிங்கில் இருக்கும் தொகைக்குச் சார்ஜ்பேக் (கடையிடமிருந்து வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்க முடியாது, எடுக்கப்பட்ட பிறகுதான் முடியும்.

வங்கியோடு பேசும்போது சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. இறுதித் தொகை முன்கூட்டித் தெரியாத கார்டு வாங்கலில், எவ்வளவு ஒதுக்கலாம் என்ற சரியான தொகைக்கு நீங்கள் சம்மதித்திருந்தால்தான் வங்கி ஒதுக்கலாம். இறுதித் தொகை தெரிந்ததும் தாமதமின்றி மிச்சத்தை விடுவிக்க வேண்டும். பணச் சேவை விதிமுறைகள் (Payment Services Regulations) 2017-இல் 78-வது விதி இது.

இந்த நாட்களில் உங்கள் ரீஃபண்ட் நிற்கிறது, இந்த லிங்கை அழுத்துங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் தொடவே வேண்டாம். ஹோல்டை விடுவிக்க உங்களிடமிருந்து கார்டு எண்ணோ ஓடிபியோ தேவைப்படாது. அந்தச் செய்தியை மோசடிக் குறுஞ்செய்திகளைத் தெரிவிப்பதற்கான 7726 எண்ணுக்கு அனுப்புங்கள். வங்கியிலிருந்து பேசுவதாக யாராவது அழைத்தால் துண்டித்துவிட்டு 159-ஐ அழையுங்கள், அது பெரும்பாலான வங்கிகளோடு இணைத்துவிடும்.

வங்கி இழுத்தடித்தால் முறைப்படி புகார் என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். பணப் பரிமாற்றம் சார்ந்த புகாருக்கு அவர்கள் பொதுவாக 15 வேலை நாளில் இறுதிப் பதில் தர வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் ஆறு மாதத்துக்குள், வங்கிப் புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் அமைப்பான ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன் சர்வீஸிடம் கொண்டுபோகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.