பேட்டரிக்கு இடம் கொடுத்துச் சஸ்பென்ஷனைக் கெடுக்கும் தவறுகள்

ஹைபிரிட் கார்களின் பின்பகுதியை வடிவமைக்கப் புதிதாக வருபவர்களின் வரைபடங்களில், எங்கள் காலத்துத் தவறுகளே மறுபடி தலைகாட்டுகின்றன. போல்ட்டுக்கு ஸ்பானர் நுழையாதது மாதிரியானவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதை யாராவது பிடித்துவிடுவார்கள்.

பேட்டரிப் பெட்டியை முடித்துவிட்டுச் சஸ்பென்ஷனை நகர்த்துவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் போனால் எடை தாழ்வாக அமையும், டிக்கியும் மிஞ்சும். ஆனால் டார்ஷன் பீமின் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம்) இரு கைகளும் பாடியோடு சேரும் இடத்து ரப்பர் மூட்டுகளான புஷ்களும் அதே சீட்டின் ஓரங்களுக்குக் கீழேதான் இருக்கும். பெட்டியின் அளவு முடிவாகிவிட்டது, இடிக்கிறது. உடனே, "புஷ்ஷைக் கொஞ்சம் இறக்கிவிடலாம் சார்" என்பார்கள்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு? கையின் நீளம் 450 மி.மீ., புஷ் சக்கர மையத்துக்கு 30 மி.மீ. மேலே என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் 60 மி.மீ. ஏறும்போது முதலில் 1 மி.மீ. பின்வாங்கி, பழைய இடத்துக்கே திரும்புகிறது. புஷ்ஷை 50 மி.மீ. இறக்குங்கள். இப்போது அதே ஏற்றத்தில் சக்கரம் கிட்டத்தட்ட 7 மி.மீ. முன்னால் போகிறது. மேட்டில் ஏறும் சக்கரம் பின்வாங்க வேண்டும். இது மேட்டை எதிர்த்துப் போய் முட்டுகிறது. பிரேக் போடும்போது பின்பக்கம் தூக்குவதும் கூடும்.

ஒரு திட்டத்தில் இது கடைசிவரை போனதைப் பார்த்தேன். சோதனை வண்டி சாலையின் ஒவ்வொரு இணைப்பிலும் 'டொம்' என்றது. சத்தத்தைக் குறைக்கப் புஷ்ஷை மென்மையாக்கினார்கள். வேகமாகத் தடம் மாறினால் பீமே லேசாகத் திரும்பி, வண்டியின் வால் ஆட ஆரம்பித்தது. மறுபடி புஷ்ஷை இறுக்கினார்கள், மறுபடி 'டொம்'. அதற்குள் பாடி அச்சுகள் வெட்டியாகிவிட்டன. பெட்டியின் ஓரத்தைத் தொடக்கத்திலேயே கொஞ்சம் சரித்திருந்தால் இத்தனையும் இல்லை.

"டொயோட்டாவின் ஹைபிரிட் கார் ப்ரியஸில் செய்தார்களே?" என்று கேட்பார்கள். மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் பேட்டரி சீட்டுக்குப் பின்னால், சஸ்பென்ஷன் டார்ஷன் பீம். 2015-இல் வந்த நான்காம் தலைமுறையில் பேட்டரி சீட்டுக்கு அடியில், சஸ்பென்ஷன் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாகத் தனிக் கைகள் பிடிக்கும் வகை). நடுவில் மாறியது பேட்டரியின் இடம் மட்டுமல்ல, அடித்தளமே புதிது. பழைய பாடிக்குள் பெட்டியைத் திணித்து அந்தப் பலனை எதிர்பார்க்கக் கூடாது.

நின்ற நிலையில் மட்டும் இடைவெளி பார்ப்பது

பெட்டிக்கும் சஸ்பென்ஷனுக்கும் உள்ள இடைவெளியை, சக்கரம் முழுதாக ஏறி, முழுதாகத் தொங்கி, புஷ்ஷும் நசுங்கிய நிலையில் பாருங்கள்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி நிறுத்திவிடுவது

பேட்டரியின் எடை எப்போதும் இருப்பது; பயணிகளைப் போல ஏறி இறங்காது. ஆகவே காலி வண்டிக்கும் நிறைந்த வண்டிக்குமான விகித வித்தியாசம் குறைகிறது. அது நல்லதுதான், ஆனால் ஷாக் அப்சார்பரையும் பம்ப் ஸ்டாப்பையும் (சக்கரம் கடைசிவரை ஏறும்போது தடுக்கும் மெத்தை) பழையபடியே விட்டால் அந்த நன்மை கிடைக்காது.

மல்டி லிங்க் என்றாலே உயர்வு என்பது

முதல் தலைமுறை ஹூண்டாய் அயோனிக்கின் ஹைபிரிட்டில் மல்டி லிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல தனிக் கைகள் பிடிக்கும் வகை). அதே காரின் மின்சார வடிவத்தில், பெரிய பேட்டரிக்கு இடம் விட டார்ஷன் பீம். வேண்டியது இடம் என்றால் பீம் நல்ல விடைதான்.

பெட்ரோல் டேங்க்

அதுவும் அதே சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். பெட்டியை வரையும் அன்றே டேங்கையும் வரையுங்கள்.