லெவன் ப்ளஸ்: புத்தகம் வாங்கும் முன் சேர்க்கை விதியைப் படியுங்கள்

மகளுக்குக் கிராமர் பாடசாலையில் (இங்கிலாந்தில் லெவன் ப்ளஸ் என்ற நுழைவுப் பரீட்சை எழுதி 11 வயதில் சேரும் அரசுப் பாடசாலை) இடம் கிடைத்தது தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "எந்தப் புத்தகம் வாங்கினீர்கள்?" புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் அது மூன்றாவது படியில்தான் வரும். முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் நிறையப் பேர். பிள்ளை பரீட்சையில் தேறியது, இடம் மட்டும் கிடைக்கவில்லை.

கிராமர் பாடசாலை ஏன் நல்லது என்ற விளக்கத்துக்குள் நான் போகவில்லை. ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். இங்கிலாந்து முழுவதற்கும் 163 கிராமர் பாடசாலைகள்தான் உள்ளன. புதிதாகத் தொடங்குவதை 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. லண்டனில் அவை சட்டன், கிங்ஸ்டன், பார்னெட், பெக்ஸ்லி, ரெட்பிரிட்ஜ் போன்ற சில பகுதிகளில் மட்டுமே இருக்கின்றன. நம்மவர்கள் வீடு மாறும்போது ரயில் நிலையத்தோடு சேர்த்து இந்தப் பெயர்களையும் விசாரிப்பது அதனால்தான்.

படி 1: சேர்க்கை விதி

இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி வந்த பெற்றோருக்கு "வெட்டுப்புள்ளி" (தேவையான குறைந்தபட்சப் புள்ளி) என்ற சொல் இரத்தத்தில் ஊறியது. இங்கும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இங்கே தேர்ச்சி வேறு, இடம் வேறு. ஒவ்வொரு பாடசாலையும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது.

பார்னெட்டில் உள்ள குயின் எலிசபெத் ஆண்கள் பாடசாலைக்கு எல்லைப் பகுதி கிடையாது. புள்ளி வரிசைதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. கிங்ஸ்டனில் உள்ள இரண்டு டிஃபின் பாடசாலைகளும் முன்னுரிமைப் பகுதி வைத்திருக்கின்றன. அதற்கு வெளியே இருந்தால் நல்ல புள்ளி எடுத்தும் இடமில்லாமல் போகலாம். லண்டனுக்கு வெளியே, பக்கிங்ஹாம்ஷயரில் தேர்ச்சிக்கு 121 புள்ளி வேண்டும். ஆனால் தேர்ச்சி பெற்றவர்களுக்குள் யாருக்கு இடம் என்பதில் வீட்டு முகவரி வந்து நிற்கும். கென்ட்டிலும் பெரும்பாலான பாடசாலைகளில் தேர்ச்சிக்குப் பிறகு தூரம்தான் பேசும்.

எனவே முதல் வேலை இது: பிள்ளை தினமும் ஏழு வருடம் போய் வரக்கூடிய பாடசாலைகளை மட்டும் எழுதுங்கள். இரண்டு பஸ், ஒரு ரயில் என்றால் ஜனவரி மாத இருட்டில் காலை ஆறரை மணிக்கு அந்தப் பயணத்தை நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். பட்டியல் தானாகவே சுருங்கும். பிறகு ஒவ்வொரு பாடசாலையின் இணையத்தளத்திலும் சேர்க்கைக் கொள்கை என்ற ஆவணத்தைத் திறந்து, விண்ணப்பம் இடங்களை மீறும்போது யாருக்கு முன்னுரிமை என்ற பகுதியைப் படியுங்கள். உங்கள் பிள்ளை சேரும் ஆண்டுக்கான ஆவணம்தானா என்று பார்க்கவும். சென்ற ஆண்டின் விதி இந்த ஆண்டு மாறியிருக்கலாம்.

படி 2: பதிவு

பரீட்சை, தொடக்கப் பாடசாலையின் கடைசி வகுப்பான ஆண்டு 6 தொடங்கியதும் செப்டம்பரில் வருகிறது. பதிவு அதற்கு முன், ஆண்டு 5இன் கடைசித் தவணையிலேயே நடந்து முடிந்துவிடும். கென்ட்டில் ஜூன் மாதம் திறந்து ஜூலைத் தொடக்கத்தில் மூடுவார்கள். பக்கிங்ஹாம்ஷயர் அரசுத் தொடக்கப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகள் தாமாகவே பதிவாகிவிடுவார்கள். மற்ற பெரும்பாலான இடங்களில் பெற்றோர்தான் பதிய வேண்டும். உங்கள் பிள்ளையின் ஆசிரியர் நினைவுபடுத்துவார் என்று காத்திருக்க வேண்டாம். அது அவர் வேலை இல்லை. கட்டணமும் இல்லை. யாராவது பரீட்சைக்குப் பணம் கேட்டால் அது மாதிரிப் பரீட்சை, அல்லது தனியார் பாடசாலையின் நுழைவுத்தேர்வு.

படி 3: என்ன பரீட்சை, என்ன புத்தகம்

ஆங்கிலம், கணிதம், சொல்வழிப் பகுத்தறிவு (சொல், எண் புதிர்கள்), வடிவவழிப் பகுத்தறிவு (வடிவப் புதிர்கள்) என்று நான்கு பாடங்கள் உண்டு. எல்லாப் பாடசாலையும் நான்கையும் கேட்பதில்லை. சட்டன் பகுதியின் பொதுத் தகுதித் தேர்வில் ஆங்கிலமும் கணிதமும்தான். அதன் பிறகு சில பாடசாலைகள் இரண்டாம் கட்டம் வைக்கின்றன. அங்கே கட்டுரை எழுதவும், கணக்கைச் செய்முறையோடு காட்டவும் வேண்டும். கென்ட்டில் பகுத்தறிவும் உண்டு. வடிவங்களைச் சுழற்றும் கணக்குக்காக ஒரு வருடம் செலவழித்துவிட்டு, எங்கள் பாடசாலை அதைக் கேட்கவே இல்லை என்று பிறகு தெரிந்துகொள்வதில் என்ன பயன்?

இப்போது பெரும்பாலான இடங்களில் வினாத்தாளைத் தயாரிப்பது ஜி.எல். அசெஸ்மென்ட் என்ற நிறுவனம். முன்பு சி.இ.எம். என்ற வேறொரு அமைப்பின் முறையில் இருந்த பல பகுதிகளும் அதன் பக்கம் மாறிவிட்டன. அண்ணன் பிள்ளை படித்த பழைய புத்தகக் கட்டு உங்களுக்கு வந்து சேர்ந்தால் அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

என் விருப்பம் சொல்வதானால்: முதலில் ஜி.எல். தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் அறிமுக வினாத்தாள்களை அச்செடுங்கள். உண்மைப் பரீட்சையின் முகம் அதில்தான் தெரியும். விளக்கத்துக்கு சி.ஜி.பி. நிறுவனத்தின் புத்தகங்கள் நல்லவை, பிள்ளை தானே வாசித்துப் புரிந்துகொள்ளும். பயிற்சிக்கு பாண்ட் (Bond) புத்தக வரிசை போதும், வயதுவாரியாக இருப்பதால் ஒரு வயது கீழே இருந்து தொடங்கலாம். கீழே இருந்து தொடங்குவதற்கு வெட்கப்படாதீர்கள். செயலிகள் எனக்குப் பிடிக்கவில்லை. பரீட்சை காகிதத்தில் என்றால் பயிற்சியும் காகிதத்தில்தான் நடக்க வேண்டும். நேரம் பார்க்கச் சமையலறை டைமர் வாங்குங்கள், கைபேசியை மேசையில் வைக்காதீர்கள்.

பகுத்தறிவுக் கேள்விகளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. உதாரணமாக 3, 20, 6, 17, 12, 14, 24, அடுத்தது என்ன? ஒரே தொடராகப் பார்த்தால் தலை சுற்றும். ஒன்று விட்டு ஒன்று பாருங்கள்: 3, 6, 12, 24 ஒரு தொடர், 20, 17, 14 இன்னொன்று. விடை 11. இப்படி வகைகள் எண்ணிக்கைக்குள் அடங்கும். வகையைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 4: ஆங்கிலமும் கணிதமும்

வாசிப்பு இல்லாமல் ஆங்கிலத்தில் புள்ளி ஏறாது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்து ஏற்றிவிடலாம் என்று விற்கப்படும் அட்டைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊர் நூலகத்தில் வாரம் ஒருமுறை, நூறு வருடத்துக்கு முந்தைய கதை ஒன்றும் பிள்ளை விரும்பியது ஒன்றும் எடுத்து வாருங்கள். பரீட்சைப் பந்திகள் பழைய நடையில் வருவதுண்டு, நீண்ட வாக்கியத்துக்குக் கண் பழக வேண்டும்.

எழுத்துப்பிழை, நிறுத்தக்குறிப் பகுதியில் ஒரு சூட்சுமம். ஒரு வரியை நான்கு துண்டாகப் பிரித்து, பிழை எந்தத் துண்டில் என்று கேட்பார்கள். ஐந்தாவது தெரிவு "பிழை இல்லை". பிள்ளைகளுக்கு இதைத் தொடவே பயம், இல்லாத பிழையைத் தேடி எடுத்துவிடுவார்கள். இது சரியான விடையாகவும் வரும் என்று மகளுக்குச் சொன்னதும், "அப்படியானால் தெரியாத எல்லாவற்றுக்கும் அதையே போடலாமா, அம்மா?" என்று கேட்டாள். அதுவும் கூடாது.

கணிதத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. விகிதமும் எளிய இயற்கணிதமும் பாடத்திட்டப்படி ஆண்டு 6இல் வருபவை. பரீட்சையோ அந்த ஆண்டின் முதல் வாரங்களில். பாடசாலையில் தொடாத பகுதியை வீட்டில்தான் முன்கூட்டித் தொட வேண்டும். அதற்கு முன் பெருக்கல் வாய்ப்பாடு பன்னிரண்டு வரை, தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

தெரிவுகளைப் படிக்கவும் பழக்குங்கள். நீளம் 7 செ.மீ., அகலம் 4 செ.மீ. கொண்ட செவ்வகத்தின் சுற்றளவு கேட்டால், தெரிவுகளில் 11 இருக்கும், 28 இருக்கும். இரண்டு பக்கத்தை மட்டும் கூட்டிய பிள்ளைக்கு 11, பரப்பளவோடு குழப்பிய பிள்ளைக்கு 28. இரண்டும் வலை. சரியான விடை 22. "என் விடை தெரிவில் இருக்கிறது, அதனால் சரி" என்ற எண்ணம் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

படி 5: விடைத்தாள்

நான் அதிகம் எழுத விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் தனி வகுப்புகளில் இதைச் சொல்லித் தருபவர்கள் குறைவு.

வினாப் புத்தகம் வேறு, விடைத்தாள் வேறு. விடைத்தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள் நெருக்கமாக, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தொகுதியாக இருக்கும். பிள்ளை பென்சிலால் சரியான கட்டத்துக்குள் ஒரு கிடைக்கோடு போட வேண்டும். திருத்துவது இயந்திரம். அதற்கு பிள்ளை யோசித்தது தெரியாது, கோடு மட்டுமே தெரியும். அரைகுறையாக அழித்த பழைய கோட்டைக் கண்டால் இரண்டு விடை என்று எடுத்துக்கொள்ளலாம். எனவே நல்ல அழிப்பான் வாங்குங்கள். பென்சிலின் பின்முனையில் ஒட்டிய இளஞ்சிவப்பு அழிப்பான் தாளைக் கறைப்படுத்தும்.

பெரிய ஆபத்து வரிசை நழுவுவது. பிள்ளை 14ஆம் கேள்வி கடினம் என்று விடுகிறது. 15இன் விடையை 14இன் கட்டத்தில் போடுகிறது. அதன் பிறகு வரும் எல்லாமே ஒரு கட்டம் மேலே. கடைசியில் ஒரு கட்டம் மிஞ்சும்போதுதான் தெரியும். அப்போது மணி அடிக்கும்.

இதற்கு ஒரு பழக்கம். கேள்வியை விட்டால் வினாப் புத்தகத்தில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம். விடைத்தாளிலோ ஏதாவது ஒரு விடையை ஊகித்துக் கோடு போட்டுவிட வேண்டும். கட்டம் வெறுமையாக இருக்கவே கூடாது. ஜி.எல். தாளில் தவறான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஊகத்தால் நட்டமும் இல்லை. வட்டமிட்டவற்றுக்குக் கடைசியில் திரும்பி வரலாம். கூடவே, பக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும் விரலை வைத்து, கேள்வி எண்ணும் கட்ட எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது. இரண்டு நொடிதான். வீட்டில் பயிற்சி செய்யும்போது விடையைப் புத்தகத்திலேயே எழுத விடாதீர்கள்; முதல் மாதத்திலிருந்தே தனி விடைத்தாள்தான்.

படி 6: ஆகஸ்ட்

ஆறு வார விடுமுறை முடிந்ததும் பரீட்சை. யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவும் ஊர்க் கல்யாணங்களும் வருவது அந்த ஆறு வாரத்தில்தான். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அம்மம்மாவைப் பார்க்காமல் எழுதும் பரீட்சை என்ன பரீட்சை. ஆனால் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் திரும்பிவிடுங்கள். நேர வித்தியாசத்தால் விடிகாலையிலேயே விழித்து, மத்தியானத்தில் தூங்கி விழும் பிள்ளை பகுத்தறிவு எழுதாது. விடுமுறையில் காலை ஒரு மணி நேரம் போதும். சனி, ஞாயிறு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாலையில் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், எதுவும் உள்ளே போகவில்லை.

படி 7: அக்டோபர் விண்ணப்பம்

பொதுவாக அக்டோபர் நடுவில் பரீட்சை முடிவு வரும். அக்டோபர் 31க்குள் உள்ளூராட்சி மன்றத்தின் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். லண்டனில் ஆறு பாடசாலைகள் வரை எழுதலாம். பரீட்சைக்குப் பதிந்தால் போதாது, இந்தப் படிவத்தில் அந்தப் பாடசாலையின் பெயர் இல்லையென்றால் இடமும் இல்லை.

"கிராமரை முதலில் போட்டால் பக்கத்துப் பாடசாலை கோபித்துக்கொண்டு இடம் தராது" என்று கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் சொல்வார்கள். உண்மையில்லை. நீங்கள் எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பதைப் பார்த்துப் பாடசாலை முடிவெடுக்க முடியாது. எத்தனை பாடசாலையில் இடம் வந்தாலும், உங்கள் வரிசையில் மேலே இருப்பதை மன்றம் தரும். ஆகவே உண்மையாக விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள். கீழே கட்டாயம், வீட்டுக்குப் பக்கத்தில் நிச்சயமாக இடம் கிடைக்கக்கூடிய, நுழைவுப் பரீட்சை இல்லாத அரசுப் பாடசாலை ஒன்று. அது இல்லாமல் ஆறும் கிராமராக எழுதி ஒன்றும் கிடைக்காவிட்டால், எங்கே வெற்றிடம் இருக்கிறதோ அங்கே அனுப்புவார்கள்.

பிற்சேர்க்கை 1: ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே வயது குறைந்ததாக இருக்கும் பிள்ளை பின்தங்காதா என்று சிலர் எழுதியிருந்தீர்கள். வயதுக்கேற்பப் புள்ளியைச் சரிசெய்கிறார்கள். சராசரி 100 என்று வைத்து, அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத் தரப்படும் புள்ளி அது. அதனால்தான் எத்தனை கேள்வி சரி என்ற கணக்கும் கடிதத்தில் வரும் எண்ணும் பொருந்துவதில்லை. மாதிரிப் பரீட்சை நடத்தும் இடங்கள் தரும் சதவீதத்தை இதோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

பிற்சேர்க்கை 2: இலவச மதிய உணவுக்குத் தகுதி இருந்தும் கூச்சத்தால் விண்ணப்பிக்காத குடும்பங்கள் நம்மில் உண்டு. பல கிராமர் பாடசாலைகள் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருகின்றன. சிலவற்றில் தேவையான புள்ளியும் குறைவு. வருமானம் குறைவாக இருந்தால் ஆண்டு 5இலேயே விண்ணப்பியுங்கள். பிள்ளை வீட்டுச் சாப்பாடு கொண்டுபோனாலும் பரவாயில்லை, பதிவு இருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 3: மார்ச் 1ஆம் தேதி எந்தப் பாடசாலையில் இடம் என்ற முடிவு வந்து, விரும்பிய இடம் கிடைக்காதவர்களுக்கு. தரப்பட்ட இடத்தை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படி ஏற்றுக்கொள்வதால் மேலே எழுதிய பாடசாலையின் காத்திருப்புப் பட்டியலிலிருந்து பெயர் போகாது. மறுத்தால் கையில் இருப்பதும் போகும். தனியார் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளின் இடங்கள் கோடைவரை காலியாகிக்கொண்டே இருக்கும். மன்றத்தின் அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வரலாம், கைபேசியை எடுங்கள்.